ஒரு ரிப்போர்ட் போதாது

மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு வார்டிலிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பாசிட்டிவா, நெகட்டிவா? ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவருக்குப் பல நாட்களாகக் காய்ச்சல் இறங்கவில்லை, ஆன்டிபயாட்டிக் கேட்கவில்லை, நுரையீரலில் பூஞ்சை பிடித்துவிட்டதோ என்று சந்தேகம். ரத்தம் வருகிறது, அதில் பூஞ்சையின் பொருளைத் தேடும் கேலக்டோமன்னான் சோதனை செய்கிறோம், ரிப்போர்ட் போகிறது, மருந்து தொடங்குகிறது. அத்தோடு அந்தச் சோதனையின் வேலை முடிந்ததாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பெரிய பயன் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பது இந்தத் தொழில் எனக்குத் தந்திருக்கும் உறுதியான கருத்து. நோய் இருக்கிறதா என்று சொல்ல உதவும் அதே ரத்தக் குறியீடு, தொடங்கிய மருந்து கேட்கிறதா, நோயாளி தேறி வருகிறாரா என்பதையும் முன்கூட்டியே காட்டக்கூடியது. அதற்கு அதை ஒரு முறை அளந்தால் போதாது; சிகிச்சையின் முதல் இரண்டு வாரங்களில் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். எந்தக் குறியீட்டை, எந்தப் பூஞ்சைக்கு, எவ்வளவு காலம் நம்பலாம் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

ஊடுருவும் பூஞ்சைத் தொற்று தோலில் வரும் படையைப் போன்றதல்ல. எதிர்ப்புச் சக்தி விழுந்துபோனவர்களின் ரத்தத்திலும் நுரையீரலிலும் மூளையிலும் பூஞ்சை வளரும் நிலை அது. கீமோதெரபி பெறுபவர்கள், எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், கட்டுக்கடங்காத சர்க்கரை நோயாளிகள், ஐசியுவில் வாரக்கணக்கில் கிடப்பவர்கள், ஹெச்ஐவி முற்றியவர்கள் ஆகியோரையே இது பெரும்பாலும் தாக்குகிறது. டேவிட் டென்னிங் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் சுமார் 65 லட்சம் பேருக்கு இத்தகைய தொற்று வருகிறது. அவர்களில் சுமார் 38 லட்சம் பேர் இறக்கிறார்கள். 25 லட்சம் பேரின் இறப்புக்குப் பூஞ்சையே நேரடிக் காரணம். உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில்தான் முதன்முறையாகப் பூஞ்சைகளுக்கென்று ஒரு முன்னுரிமைப் பட்டியல் வெளியிட்டது. 19 பூஞ்சைகள் கொண்ட அந்தப் பட்டியலின் முதல் வரிசையில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், கேண்டிடா ஆரிஸ், கேண்டிடா ஆல்பிகன்ஸ், கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் ஆகிய நான்கும் இருக்கின்றன. இவற்றைக் கண்டுபிடிப்பதே கடினம். ஊடுருவும் கேண்டிடா நோயில் ரத்தக் கல்ச்சர் ஏறக்குறையப் பாதிப் பேரில் ஒன்றும் காட்டுவதில்லை. நுரையீரல் ஆஸ்பெர்ஜில்லஸில் ரத்தக் கல்ச்சர் அநேகமாக எப்போதுமே நெகட்டிவ்தான். பிளேட்லெட் குறைந்து கிடக்கும் நோயாளியின் நுரையீரலில் ஊசி போட்டுத் திசு எடுக்க யாருக்கும் துணிவு வராது. ரத்தத்தில் மிதக்கும் பூஞ்சைப் பொருட்களைத் தேடும் சோதனைகள் இந்த இக்கட்டிலிருந்துதான் பிறந்தன.

அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது கேலக்டோமன்னான். ஆஸ்பெர்ஜில்லஸின் செல் சுவரில் இருக்கும் ஒரு சர்க்கரைத் தொடர் அது. பூஞ்சை இழை இழையாக வளர்ந்து ரத்தக் குழாயைத் துளைக்கும்போது அது ரத்தத்தில் கசிகிறது. எலிசா முறையில் அதை அளக்கும் சோதனைக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2003-இல் அனுமதி அளித்தது. வரும் அளவை ஓர் ஒப்பீட்டு எண்ணாகச் சொல்கிறோம், 0.5 என்பது வரம்பு. வளரும் பூஞ்சை மட்டுமே இதைக் கசியவிடுகிறது என்பதை மனதில் வைத்தால், அடுத்த படி தானாகவே தோன்றும். பூஞ்சையின் சுமை கூடினால் எண் ஏற வேண்டும். மருந்து பூஞ்சையை அடக்கினால் எண் இறங்க வேண்டும். வரம்புக்கு மேலா கீழா என்று மட்டும் பார்த்தால் 0.6-உம் 6-உம் ஒரே பாசிட்டிவ் ஆகிவிடுகின்றன. 6-இலிருந்து 3-க்கு இறங்கியவரும், 3-இலிருந்து 6-க்கு ஏறியவரும் ஒரே பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். சோதனை தரும் தகவலில் பாதியை நாமே தூக்கி எறிவதற்குச் சமம் அது.

ஸ்கேன் இருக்கும்போது ரத்தம் எதற்கு என்று கேட்கலாம். இதற்குப் பிரான்சின் டிஜோன் நகரிலிருந்து காயோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல பதில் தருகிறது. வெள்ளணுக்கள் குறைந்த நிலையில் ஆஸ்பெர்ஜில்லஸ் வந்தவர்களுக்கு அவர்கள் வரிசையாக சிடி ஸ்கேன் எடுத்தார்கள். தக்க சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோதே முதல் வாரத்தில் நுரையீரல் புண்களின் கன அளவு சுமார் நான்கு மடங்காகப் பெருகியது. இரண்டாவது வாரத்தில் அப்படியே நின்றது. அதன் பிறகுதான் குறையத் தொடங்கியது. பிழைக்கப்போகிறவரின் ஸ்கேனும் முதல் வாரத்தில் மோசமாகத்தான் தெரியும் என்பது இதன் பொருள். வெள்ளணுக்கள் திரும்பி வரும்போது அவை புண்ணைச் சுற்றி மொய்த்து வீக்கத்தை உண்டாக்குவதும் இதற்கு ஒரு காரணம். காய்ச்சலையும் நம்ப முடியாது; அது பூஞ்சையால் வருகிறதா, பாக்டீரியாவால் வருகிறதா, ரத்தம் ஏற்றியதால் வருகிறதா என்று பிரித்தறிய முடிவதில்லை. மருந்தை மாற்றுவதா தொடர்வதா என்று தீர்மானிக்க வேண்டிய அதே முதல் வாரத்தில், கண்ணுக்குத் தெரியும் சாட்சிகள் எல்லாம் தடுமாறுகின்றன. இந்த இடைவெளியை நிரப்பும் தகுதி பூஞ்சையிடமிருந்தே நேரடியாக வரும் பொருளுக்குத்தான் இருக்கிறது.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. பாஸ்டன் மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கேலக்டோமன்னான் பாசிட்டிவான ரத்தப் புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சிகிச்சை தொடங்கும்போது இருந்த அளவு, முதல் வாரத்தில் அது இறங்கிய வேகம் என இரண்டுமே இறப்பு அபாயத்தோடு தொடர்பு கொண்டிருந்தன. வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை ஆம்போடெரிசினோடு ஒப்பிட்டு ஹெர்பிரெஷ்ட் 2002-இல் வெளியிட்ட புகழ்பெற்ற பரிசோதனையில் 12 வார முடிவில் வோரிகோனசோல் பெற்றவர்களில் 70.8 சதவீதமும், ஆம்போடெரிசின் பெற்றவர்களில் 57.9 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். லூயி சாய் முதலியோர் அந்தப் பரிசோதனையின் நோயாளிகளுடைய கேலக்டோமன்னான் அளவுகளை அலசி 2012-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தொடக்கத்தில் பாசிட்டிவாக இருந்தவர்களில், முதல் வாரத்துக்குள் எண் 35 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் நல்ல பலனை எதிர்பார்க்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும் இதை ஏற்றுக்கொள்கிறது: ரத்தப் புற்றுநோயாளிகளிலும் மஜ்ஜை மாற்று பெற்றவர்களிலும், தொடக்க அளவு உயர்ந்திருந்தால், அதைத் தொடர்ந்து அளந்து சிகிச்சையின் போக்கையும் முடிவையும் கணிக்கலாம். தொடக்க அளவு உயர்ந்திருந்தால் என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். ஏறாத எண் இறங்கவும் முடியாது. வெள்ளணுக்கள் குறையாமல், ஸ்டீராய்டாலோ ஐசியு வாசத்தாலோ ஆஸ்பெர்ஜில்லஸ் வந்தவர்களின் ரத்தத்தில் கேலக்டோமன்னான் பல நேரம் தென்படுவதே இல்லை. அவர்களிடம் இந்த வழியைப் பயன்படுத்த முயல்வது வீண்.

இதே வாதத்தை எல்லாக் குறியீடுகளுக்கும் நீட்டிவிடலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. பீட்டா-டி-குளுக்கானை எடுத்துக்கொள்ளுங்கள். கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ், நிமோசிஸ்டிஸ் என்று பல பூஞ்சைகளின் சுவரில் இருப்பது அது. குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களிலிருந்து எடுத்த சாறு குளுக்கானைத் தொட்டால் வினைபுரியும். அந்த இயல்பைக் கொண்டுதான் சோதனை நடக்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு கிட்டில் மில்லிலிட்டருக்கு 80 பிக்கோகிராம் வரம்பு. கேண்டிடா நோயாளிகளில் குளுக்கான் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள் என்று 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. அதே ஆண்டில், கேலக்டோமன்னானின் சரிவுக்குச் சாட்சி சொன்ன அதே பாஸ்டன் குழு இந்த மூன்று பூஞ்சைகளின் நோய்களிலும் குளுக்கானைத் தொடர்ந்து அளந்துவிட்டு, அதன் தொடக்க அளவோ ஆரம்பச் சரிவோ உயிர்பிழைப்பைக் கணிக்கவில்லை என்று சொன்னது. குளுக்கான் ரத்தத்திலிருந்து மெதுவாகத்தான் விலகுகிறது. நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் வாரக்கணக்கில் வரம்புக்கு மேலேயே நிற்கலாம். எனவே நன்றாக இருக்கும் நோயாளியின் குளுக்கான் இறங்கவில்லை என்று மருந்தை மாற்றுவது நியாயமில்லை. பூஞ்சை இல்லை என்று சொல்லி மருந்தை நிறுத்த உதவுவதில்தான் குளுக்கானின் பலம் இருக்கிறது.

கிரிப்டோகாக்கஸ் கற்றுத்தரும் பாடம் இன்னும் வேறு. அங்கே ஒரே ஒரு முறை எடுத்த எண்ணே பெரிய தகவல். மூளைக்காய்ச்சலின் அறிகுறி தோன்றுவதற்கு இடைமதிப்பாக 22 நாட்களுக்கு முன்பே அந்தப் பூஞ்சையின் உறைப்பொருளான ஆன்டிஜென் ரத்தத்தில் தெரிந்துவிடுகிறது என்று உகாண்டாவில் நடந்த ஆய்வு 2002-இல் காட்டியது. 2011-இல் எளிய பட்டைச் சோதனை வந்தபின் இதை எந்த ஊரிலும் செய்ய முடிந்தது. தான்சானியாவிலும் ஜாம்பியாவிலும் நடந்த பரிசோதனையில், ஹெச்ஐவி முற்றியவர்களுக்கு இந்த ஆன்டிஜென் சோதனையும், வீட்டுக்கே சென்று மருந்து எடுக்கத் துணைநிற்கும் உதவியும் சேர்ந்தபோது இறப்பு 28 சதவீதம் குறைந்தது. 2015-இல் வெளியான முடிவு இது. ரத்தத்தை எத்தனை மடங்கு வரை நீர்க்கச் செய்தாலும் ஆன்டிஜென் தெரிகிறது என்ற அளவும் பேசுகிறது. 160 மடங்குக்கு மேல் நீர்க்கச் செய்தும் பாசிட்டிவாக இருப்பவருக்கு, தலைவலி கூட இல்லாதபோதும், பூஞ்சை மூளை உறையில் நுழைந்திருக்க வாய்ப்பு அதிகம். முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் சிகிச்சை தொடங்கிய பிறகு இதே ஆன்டிஜென் பயனற்றதாகிவிடுகிறது. செத்த பூஞ்சையின் உறையும் மாதக்கணக்கில் உடலில் தங்குவதால் எண் இறங்குவது நோய் இறங்குவதைச் சொல்வதில்லை. ஒரே குறியீடு முன்னால் வழி காட்டும், பின்னால் திசை திருப்பும்.

கருப்புப் பூஞ்சை என்று செய்தித்தாள்கள் எழுதிய மியூகோர் தொற்றை நாம் 2021-இல் கண்ணால் கண்டோம். கோவிட் இரண்டாம் அலையோடு வந்த அந்தத் தொற்றில், ஜூலை மாதத்துக்குள் நாடு முழுவதும் 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதாகவும், 4,300 பேருக்கு மேல் இறந்ததாகவும் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அந்த நோயாளிகளிடம் மேலே சொன்ன சோதனைகள் எதுவும் கைகொடுக்கவில்லை. மியூகோர் வகைப் பூஞ்சைகள் கேலக்டோமன்னானை வெளியிடுவதில்லை; குளுக்கான் சோதனையிலும் அவை சிக்குவதில்லை. இங்கேயும் ஒரு வழி திறந்திருக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் மியூகோர் டிஎன்ஏவைப் பிசிஆர் முறையில் தேடிய பிரெஞ்சு ஆய்வு 2022-இல் வெளிவந்தது. லிப்போசோமல் ஆம்போடெரிசின் தொடங்கிய 7 நாட்களுக்குள் அந்த டிஎன்ஏ மறைந்தவர்களின் 30 நாள் இறப்பு அபாயம், மறையாதவர்களுடையதைவிட 85 சதவீதம் குறைவாக இருந்தது. பூஞ்சை வேறு, அளக்கும் பொருள் வேறு. ஆனாலும் கேலக்டோமன்னான் சொன்ன அதே சேதி: முதல் வாரத்தில் இறங்குகிறதா என்று பார்.

இந்த நிலைப்பாட்டுக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது இது: எண் இறங்குவதற்கும் நோயாளி பிழைப்பதற்கும் இடையில் நேரடி உறவு எதுவும் இல்லை, வெள்ளணுக்கள் திரும்பி வந்தால் இரண்டும் சேர்ந்தே நடக்கும், ஆகவே வெள்ளணுக்களை எண்ணினாலே போதுமே என்கிறார்கள். லுக்கீமியா முற்றி இறப்பவரின் சாவைப் பூஞ்சைக் கணக்கில் எழுத முடியாது என்பதும் உண்மை. உடலின் நிலையே முடிவைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணிப்பு பயன்படுவதற்கு அது காரணமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வெள்ளணு எண்ணிக்கை உடலின் கதையைச் சொல்கிறது. சிஆர்பி, புரோகால்சிடோனின், ஃபெரிட்டின் போன்றவை உடல் எந்த அளவுக்குக் கொதிக்கிறது என்று சொல்கின்றன. பூஞ்சையின் கதையைச் சொல்வது பூஞ்சையின் பொருள் மட்டுமே. இவை முரண்படும்போதுதான் கேலக்டோமன்னானின் அருமை தெரியும். வெள்ளணுக்கள் திரும்பிவிட்டன, ஸ்கேனும் காய்ச்சலும் மோசம், ஆனால் கேலக்டோமன்னான் இறங்கிவிட்டது என்றால், அது பெரும்பாலும் மீண்டுவந்த எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் வீக்கம். மருந்து தோற்றுவிட்டது என்று அவசரப்பட வேண்டியதில்லை. இந்தப் பிரித்தறிதலை வெள்ளணு எண்ணிக்கை மட்டும் ஒருநாளும் தராது.

சோதனையே பொய் சொல்லுமே என்பது இரண்டாவது மறுப்பு. சொல்லும்தான். பழைய தயாரிப்பான பிபராசிலின்-டாசோபாக்டம் ஊசியும், சில வகை டிரிப் நீர்களும் கேலக்டோமன்னானைப் பொய்யாக ஏற்றியிருக்கின்றன. செல்லுலோஸ் சவ்வில் டயாலிசிஸ், நரம்பு வழி இம்யூனோகுளோபுலின், ஆல்புமின், அறுவையில் வைத்த பஞ்சுத்துணி ஆகியவை குளுக்கானை ஏற்றும். தடுப்பாகவே பூஞ்சை மருந்து எடுத்துக்கொண்டிருப்பவரிடம் கேலக்டோமன்னான் மங்கிப்போகும். ஆனால் இந்தக் குறைகள் ஒற்றை ரிப்போர்ட்டைத்தான் அதிகம் பாதிக்கின்றன. ஒரு பொய் பாசிட்டிவ் அடுத்த சாம்பிளில் பெரும்பாலும் காணாமல் போகும். உண்மையான பூஞ்சைச் சுமை அப்படிச் சட்டென்று மறையாது. தொடர்ந்து அளப்பதே தவறுகளைக் களையும் வழி. அதற்கு வார்டு ஓர் உதவி செய்ய வேண்டும்: சாம்பிளோடு அன்று என்ன ஏற்றப்பட்டது, என்ன மருந்து போகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத சாம்பிளின் எண்ணுக்கு ஆய்வகத்தால் பொருள் சொல்ல முடியாது.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். குறியீட்டைப் பார்த்துச் சிகிச்சையைத் திருத்தியதால் உயிர்கள் பிழைத்தன என்று காட்டினீர்களா? ஜெர்மனியின் ஐசியுக்களில் நடந்து 2022-இல் வெளியான கேண்டிசெப் பரிசோதனை இங்கே நினைவுக்கு வரும். கேண்டிடா வர வாய்ப்புள்ள செப்சிஸ் நோயாளிகளுக்குக் குளுக்கான் அளவைப் பார்த்துச் சீக்கிரமே பூஞ்சை மருந்து தொடங்கினார்கள். 28 நாள் இறப்பு அந்தப் பிரிவில் 33.7 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 30.5 சதவீதம், பயன் எதுவும் தெரியவில்லை. அந்தப் பரிசோதனை மருந்தை எப்போது தொடங்குவது என்று கேட்டது. நான் பேசுவது தொடங்கிய மருந்தின் பலனைப் பற்றி. இருந்தாலும் அதன் எச்சரிக்கை நமக்கும் பொருந்தும்: எண்ணுக்குப் பின்னால் சரியான செயல் இல்லையென்றால் எண் யாரையும் காப்பாற்றாது. கேலக்டோமன்னான் இறங்காதபோது உடனே வேறு மருந்துக்குத் தாவுவது அந்தச் சரியான செயல் அல்ல என்றே நினைக்கிறேன். முதலில் வோரிகோனசோல் ரத்தத்தில் போதிய அளவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாஸ்குவால் முதலியோர் 2008-இல் காட்டியபடி, மருந்தின் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்குக் கீழோ இருந்தவர்களில் 46 சதவீதத்தினருக்கு மருந்து கேட்கவில்லை. அதற்கு மேல் இருந்தவர்களில் 12 சதவீதத்தினருக்குத்தான் கேட்கவில்லை. ஒரே டோஸ் ஒருவருடைய கல்லீரலில் வேகமாகக் கரைகிறது, இன்னொருவருடையதில் தேங்குகிறது. அளவு சரியாக இருந்தால், பூஞ்சை அந்த மருந்துக்கு எதிர்ப்பு பெற்றதா, உடன் மியூகோர் போன்ற இன்னொரு பூஞ்சை சேர்ந்திருக்கிறதா, ஸ்டீராய்டைக் குறைக்க முடியுமா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். இறங்காத எண் தருவது கேள்விகளின் வரிசை, தீர்ப்பு அல்ல.

செலவு என்ற மறுப்பு நம் மருத்துவமனைகளில் உடனே எழும். எலிசா தட்டை ஒரே ஒரு சாம்பிளுக்காக ஓட்டினாலும் அதே கட்டுப்பாட்டு மாதிரிகளை வைத்தாக வேண்டும். அதனால் பல ஆய்வகங்கள் சாம்பிள்கள் சேரும்வரை காத்திருக்கின்றன, ரிப்போர்ட் தாமதமாகிறது. தாமதமான ரிப்போர்ட் முதல் வாரத்தின் தீர்மானத்துக்கு உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாம்பிள்கள் குறைவாக வருவதுதான் தாமதத்துக்கே காரணம். தேவையானவர்களுக்கு மட்டும், நாள் குறித்து அனுப்பும் வழக்கம் வந்தால் தட்டு நிறையும், ஒரு சோதனையின் செலவும் குறையும். ஒற்றைச் சாம்பிளையும் ஓட்டக்கூடிய பட்டைச் சோதனைகளும் இப்போது கேலக்டோமன்னானுக்கு வந்துவிட்டன. கேட்காத மருந்தை இரண்டு வாரம் கொடுப்பதும், கேட்கிற மருந்தை நிறுத்திவிட்டு லிப்போசோமல் ஆம்போடெரிசினுக்கு மாறுவதும் ஒரு குடும்பத்துக்கு வைக்கும் செலவோடு இந்தச் சோதனைகளின் விலையை ஒப்பிட்டால், மிச்சம் எந்தப் பக்கம் என்பதில் ஐயமே இல்லை.

ஆகவே இளம் மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் இது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்று சந்தேகித்துச் சிகிச்சை தொடங்கும் ரத்தப் புற்றுநோயாளியின் முதல் கேலக்டோமன்னான் பாசிட்டிவாக வந்தால், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் சாம்பிள்களுக்கு அன்றே சீட்டு எழுதிவிடுங்கள். எண் இறங்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்னதாகவே கேஸ் ஷீட்டில் குறித்துவையுங்கள். குளுக்கானிடமும் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜெனிடமும் அவற்றால் சொல்ல முடியாததைக் கேட்காதீர்கள். எந்த எண்ணையும் காட்டி ஒரு குடும்பத்திடம் இனி நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஆய்வுகள் தருவது கூட்டத்தின் கணக்கு, கட்டிலில் இருப்பவர் ஒருவர். மருத்துவமனை நிர்வாகங்கள் மருந்து வாங்க ஒதுக்கும் தொகையில் சிறு பங்கையாவது இந்த அளவீடுகளுக்கும் மருந்தளவுச் சோதனைக்கும் ஒதுக்க வேண்டும். முதல் ரிப்போர்ட் நோயின் பெயரைத்தான் சொல்லும். நோயாளி எந்தப் பக்கம் போகிறார் என்று அறிய அடுத்த சாம்பிளைத் தவறாமல் அனுப்புங்கள்.